தாழ்ந்த குரலும் உயர்ந்த மெட்டும்: யூதப் பாப் பாடலுக்குச் சுருதி அமைப்பது பற்றி

சட்ஸ்வொர்த் சுருதிப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டுக் கராஜின் மேல்மாடியில் சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்றை நடத்தி வருகிறேன். தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரங்களில் திருப்புகழும் காவடிச்சிந்தும், மற்ற மாதங்களில் தேவாரமும் கல்யாணப் பாட்டுகளும் பதிவு செய்வதுதான் என் வழக்கமான வேலை. இம்முறை எனக்குச் சற்றும் பழக்கமில்லாத வேலை ஒன்று வந்திருப்பதால், இங்குள்ள இசை தெரிந்தவர்களின் யோசனையைக் கேட்கிறேன்.

உம்லாங்காவில் குடியிருக்கும் யூதக் குடும்பத்து இளைஞர் ஒருவர், வயது 22, ஐந்து பாடல்களைப் பதிவு செய்து தரும்படி கேட்டு வந்திருக்கிறார். மெட்டமைத்தவர் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அவருடைய உறவினர். சொற்கள் பெரும்பாலும் நம் கிறிஸ்தவ நண்பர்கள் சங்கீதப் புத்தகம் என்று சொல்லும் பகுதியிலிருந்து எடுத்த எபிரேய வரிகள். வாத்தியங்களோ டிரம்ஸ், பேஸ் கிட்டார், டிரம்பெட், சின்தசைசர் என்று முழுக்க முழுக்க இன்றைய பாப் இசை. யூதப் பாப் பாடகர்களான ஆவ்ரஹாம் ஃப்ரீட், யாக்கோவ் ஷ்வெக்கி ஆகியோரின் பதிவுகளை முன்மாதிரியாகக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். கேட்டேன். இருவரும் உயர்ந்த சுருதியில் தயக்கமின்றி நின்று பாடும் கனத்த குரல்காரர்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தம்பியின் குரல் தாழ்ந்த, மென்மையான குரல். 1 கட்டையை, அதாவது கீபோர்டின் சி சுரத்தை, சட்ஜமாகக் கொண்டால் கீழ் ஸ்தாயியின் மந்தர தைவதத்திலிருந்து மேல் ஸ்தாயியின் தார ரிஷபம் வரை நன்றாக நிற்கிறது; தார காந்தாரத்தைத் தொட்டுவிட்டு வரலாம், அங்கே தங்க முடியாது. உறவினர் தமக்கேற்ப அமைத்த முதல் பாடலோ 2 கட்டையில் இருக்கிறது. சரணம் கீழ்ச் சட்ஜத்தை ஒட்டியே நகர்கிறது. பல்லவி தார சட்ஜத்தில் ஏறி நின்று தார மத்திமம் வரை போகிறது. இது போதாதென்று, கடைசிப் பல்லவியில் பாட்டு முழுவதும் 2 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு ஏறுகிறது. அந்த இடத்தில் தம்பி கள்ளக்குரலுக்குப் போகிறார், அல்லது கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். இரண்டும் கேட்க நன்றாக இல்லை.

கணினியில் பின்னணி இசையை அப்படியே மூன்று அரைச்சுரம் இறக்கிப் பார்த்தேன். டிரம்பெட் சளி பிடித்ததுபோல் ஒலித்தது. குரலுக்கேற்பப் பாட்டை மாற்றுவதா, பாட்டுக்கேற்பக் குரலைப் பழக்குவதா, இந்தக் குரலுக்கு இந்த வகை இசையே பொருந்தாது என்று சொல்லிவிடுவதா? அவருடைய தங்கையும் ஒரு பாடல் பாட ஆசைப்படுகிறாள். ஆனால் அது பெண்கள் மட்டும் கேட்கும் பதிவாக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதன் முறை என்ன என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால், அவர்களிடம் தவறாக ஏதும் கேட்டுவிடாமல் இருப்பேன்.

பீனிக்ஸ் பாட்டு டீச்சர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த மெட்டின் சுரங்களை எழுதிப் பாருங்கள். யூத இசையில் மிகுதியாக வரும் ஒரு சுர வரிசைக்கு அஹாவா ராபா என்று பெயர். ஹாவா நகிலா என்று உலகமெல்லாம் தெரிந்த பாட்டு அதில்தான் இருக்கிறது. சட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். நம் 72 மேளங்கள் என்ற தாய்ராகக் கணக்கில் இது 14-ஆவது மேளமான வகுளாபரணம். நம் பிள்ளைகள் சரளி வரிசையிலிருந்தே 15-ஆவது மேளமான மாயாமாளவகௌளையில் ஊறியவர்கள். ஆகவே உங்கள் அறையில் பின்பாட்டுப் பாடுகிறவர்கள் தங்களை அறியாமலே காகலி நிஷாதத்தைப் பாடிவிடுவார்கள். அந்த ஒரே சுரத்தில் பாட்டின் சாயல் மாறிவிடும், கவனியுங்கள். இன்னொரு வரிசைக்கு மி ஷெபேராக் என்று பெயர். அது 58-ஆவது மேளமான ஹேமவதியோடு ஒத்துப்போகும். சில மெட்டுகள் நடபைரவிபோல இருக்கும், சில ஹரிகாம்போதிபோல இருக்கும். ராகம் என்று நாம் சொல்லும் பொருளில் இவை ராகங்கள் அல்ல, சுரங்கள் மட்டுமே ஒன்று என்பதை மறந்துவிடாதீர்கள்.

சுருதியைப் பொறுத்தவரை என் யோசனை எளிது. பாட்டை ஐந்து அரைச்சுரம் இறக்கிக் கீழ் 6 கட்டையில் வையுங்கள். தார மத்திமம் அவருடைய தார ரிஷபத்துக்கு வந்துவிடும். கடைசியில் ஒரு முழுச்சுரம் ஏற்றினாலும் தார காந்தாரம்தான். சற்றுத் தொட்டுவிட்டு வரலாம். கீழே சட்ஜம் அவருடைய மந்தர தைவதம். அதுவும் அவர் எல்லைக்குள் இருக்கிறது. இதற்கு மேல் வேண்டுமானால், சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வைகளில் சிறிது கமகம், அதாவது சுர அசைவு, கொடுக்கச் சொல்லிக்கொடுங்கள். குரலின் மென்மை குறையாகத் தெரியாமல் அழகாகத் தெரியும்.

கேப் டவுன் கீபோர்டு எழுதியது:

டீச்சர் அவர்களின் சுர விளக்கம் மிகச் சரியானது. சுருதி பற்றிய யோசனையில் மட்டும் மரியாதையோடு மாறுபடுகிறேன். கேப் டவுனில் யூதத் திருமணங்களில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்து வருகிறவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குரல் எந்தச் சுரம் வரை எட்டுகிறது என்று பார்ப்பதைவிட, மெட்டு எந்தச் சுரங்களில் அதிக நேரம் குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழ் 6 கட்டையில் வைத்தால் உச்சி பிழைத்துவிடும், ஆனால் சரணம் செத்துவிடும். சரணம் கீழ்ச் சட்ஜத்தை ஒட்டியே நகர்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அவர் தம் குரலின் அடித்தளத்திலேயே இரண்டு நிமிடம் முணுமுணுக்க வேண்டியிருக்கும். அதே இடத்தில்தான் கிட்டாரின் கனத்த தந்திகளும் கீபோர்டின் இடக்கையும் வந்து உட்காருகின்றன, பேஸ் கிட்டாரின் மேல் சுரங்களும் அங்கேதான் வந்து முட்டும். தம்புராவும் மிருதங்கமும் மட்டும் இருக்கும் கச்சேரியில் அது எடுபடும். இந்த வாத்தியக் கூட்டத்தில் எடுபடாது. சொல் ஒன்றும் விளங்காமல் போகும். சங்கீதப் புத்தகத்து வரிகளை நெஞ்சில் வைத்திருக்கும் ஜனங்களுக்கு முன்னால் சொல் விளங்காமல் பாடுவது பெரிய குறை.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்களைத் திணற வைப்பது அந்தக் கடைசி ஏற்றம். 2 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு ஏறுவது இரண்டு அரைச்சுரம். அந்த இரண்டை விட்டுவிட்டால், ஐந்து இறக்க வேண்டிய இடத்தில் மூன்று இறக்கினாலே போதும். சட்ஜம் கீழ் 7 கட்டைக்கு வரும், தார மத்திமம் அவர் தொட்டுவரக்கூடிய அதே காந்தாரத்தில் நிற்கும். பல்லவி தங்கி நிற்கும் தார சட்ஜமோ அவருடைய மத்திய நிஷாதம், வீடுபோன்ற இடம். சரணம் மூச்சுவிடும் அளவுக்கு ஒரு முழுச்சுரம் மேலே வந்துவிடும். கீழ்க்கோடியில் ஒரு முழுச்சுரம் என்பது மேலே மூன்று சுரத்துக்குச் சமம். தாழ்ந்த குரலுக்கு வாசித்தவர்களுக்கு இது தெரியும்.

ஏற்றத்தை விட்டால் கடைசிப் பல்லவி எழும்புமா என்று உறவினர் கேட்பார். கட்டாயம் கேட்பார்; இந்த வகைப் பாட்டில் கடைசியில் சுருதி ஏற்றுவது நம் கல்யாண மேளத்தில் கெட்டிமேளம்போல எல்லாரும் எதிர்பார்க்கும் ஒன்று. அதற்கு இந்த இசையிலேயே வழி இருக்கிறது. தனிக்குரல் தன் இடத்தில் நிற்க, அதன் மேல் ஓர் உயர்ந்த கூட்டுக்குரலை ஏற்றுவது. ஆசாரமான யூதர்களிடையே ஆண்கள் இருக்கும் சபையில் பெண்கள் பாடுவதில்லை என்பதால், அந்த உயர்ந்த இடத்தைச் சிறுவர் குழுக்கள் நிரப்பி வந்திருக்கின்றன. மயாமி பாய்ஸ் கொயர் அப்படிப்பட்ட குழுதான். 2022-இல் டிக்டாக்கில் அவர்களுடைய பழைய மேடைப் பதிவு ஒன்று பரவியபோது, யூதரல்லாத லட்சக்கணக்கானோர் அந்தச் சிறுவர்களின் தனிக்குரல்களை ஒவ்வொன்றாக ரசித்துப் பேசினார்கள். ஆகவே குரல் மாறாத இரண்டு மூன்று சிறுவர்களைக் கொண்டுவந்து, கடைசிப் பல்லவியில் மெட்டுக்கு மேலே மூன்றாம் சுரத்தில் பாட வையுங்கள். சுருதி ஏறாமலே பாட்டு ஏறும்.

கணினியில் சுருதியை இறக்கும் வேலையை விட்டுவிடுங்கள். உறவினரிடம் மிடி கோப்பை, அதாவது வாசித்த சுரங்களைக் கணினிக் குறிப்பாக வைத்திருக்கும் கோப்பை, கேட்டு வாங்கிப் புதிய சுருதியில் வாசிக்கச் செய்யுங்கள். டிரம்பெட்டை மட்டும் ஆளை வைத்து மீண்டும் பதிவு செய்யலாம். அப்போது கார்டுகளில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களில், ஓர் எச்சரிக்கை. 2 கட்டையில் அஹாவா ராபா மெட்டுக்கு டி மேஜர், ஜி மைனர், சி மைனர் என்ற மூன்றும்தான் முதுகெலும்பு. முடியும்போது சி மைனரிலிருந்து டி மேஜருக்கு வந்து இறங்கும். நம் சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் கை தானாக ஏ செவன் கார்டுக்குப் போகும். போனால் அந்த மெட்டு வேறு ஊர்க்காரனாகிவிடும். நீங்கள் மூன்று அரைச்சுரம் இறக்குவதால் பி மேஜர், ஈ மைனர், ஏ மைனர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கமகம். டீச்சர் மன்னிக்க வேண்டும், அதை மட்டும் செய்யாதீர்கள். யூதப் பாட்டில் க்ரெக்ட்ஸ் என்று ஒன்று உண்டு; யித்திஷ் மொழியில் முனகல், விம்மல் என்று பொருள். சுரத்தின் முடிவில் தொண்டை ஒரு கணம் அடைத்து விடுபடுவதுபோன்ற ஒலி. கமகத்தில் சுரம் அசைகிறது. இங்கே சுரம் உடைகிறது. நம்மிடம் இதற்கு நெருங்கிய ஒன்று ஒப்பாரியில் இருக்கிறது: வரியின் கடைசியில் பாட்டி விம்மி நிறுத்துவாளே, அந்த விம்மல். 1882 முதல் 1933 வரை வாழ்ந்த யோஸலே ரோசன்பிளாட் என்ற தொழுகைக்கூடப் பாடகரின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டால் இது முழு உருவில் கிடைக்கும். இன்றைய பாப் பாடகர்கள் அதைச் சுருக்கி, உணர்ச்சி மிகுந்த இரண்டொரு இடத்தில் மட்டும் வைக்கிறார்கள். தம்பி அந்தச் சமூகத்துப் பிள்ளை, கேட்டு வளர்ந்திருப்பார். சொல்லிக்கொடுக்க முயல வேண்டாம், வரும் இடத்தில் வர விடுங்கள்.

இந்தக் குரலுக்கு இந்த இசை பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். யூதப் பாப் என்பது ஒரே குரலுக்கான இசை அல்ல. ஃப்ரீட்டும் ஷ்வெக்கியும் ஒரு கிளை. 1989-இல் மார்செய் நகரில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த இஷாய் ரிபோவைக் கேளுங்கள்: காதருகே பேசுவதுபோல, அடக்கமான குரல், சொல்லுக்கு முதலிடம். மாத்திஸ்யாஹு ரெகே தாளத்தில் பாதி பேச்சாகவே பாடிப் பெயர் பெற்றவர். 1925 முதல் 1994 வரை வாழ்ந்த ஷ்லோமோ கார்ல்பாக்கின் மெட்டுகளோ கூட்டமே சேர்ந்து பாடும்படி சிறிய எல்லைக்குள் சுற்றிச் சுற்றி வருபவை. உங்கள் தம்பி தமக்குப் பிடித்த பாடகரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், தம் குரலுக்கு ஏற்ற பாடகரை அல்ல. ஐந்தில் இரண்டு பாடல்களையாவது ரிபோவின் பாணியில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்துக்குள் நின்று, மெதுவாகப் பாடச் சொல்லிப் பாருங்கள். மைக்கை நெருங்கினால் குரலின் கீழ்ப்பகுதி தானே கனத்துக் கேட்கும். அவருடைய செல்வம் அங்கேதான் இருக்கிறது.

பீனிக்ஸ் பாட்டு டீச்சர் எழுதியது:

கேப் டவுன் தம்பி சொன்ன கணக்கை ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். கீழ் 7 கட்டை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாட்டு முழுவதையும் ஒரே அளவுகோலில் இறக்கிச் சரணத்தை மறந்துவிட்டேன். கமகத்தைப் பற்றிச் சொன்னதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். குரல் நடுங்காமல் கார்வையில் நிற்பதற்கு, ஆ என்று நீட்டிப் பாடும் அகார சாதகம் எந்த இசைக்கும் உதவும். தினமும் காலையில் கால் மணி நேரம், மந்தர ஸ்தாயியில் சுரம் சுரமாக நிற்கப் பழகச் சொல்லுங்கள். ஒப்பாரி என்று சொன்னது நல்ல உவமை. பாட்டு வகுப்பில் வைத்துச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவுதான்.

லெனேசியா கோரஸ் அக்கா எழுதியது:

தங்கையின் பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் பள்ளிக் குழுக்களுக்குக் கூட்டுப்பாடல் பயிற்சி அளித்தவள் நான். யூதப் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

பெண்ணின் பாட்டுக்குரலை வேற்று ஆடவர் கேட்பது பற்றிய அவர்களுடைய விதிக்குக் கோல் இஷா என்று பெயர். பெண்ணின் குரல் என்றுதான் நேர்ப்பொருள். ஆசாரமான குடும்பங்களில் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதில் அவர்களுடைய மதகுருக்களான ராபிகளிடையேயே வெவ்வேறு கருத்துகள் உண்டு. ஆகவே நீங்களாக ஒரு முடிவுக்கு வராமல், அந்தக் குடும்பம் யாரிடம் கேட்கிறதோ அவர் சொன்னபடி நடப்பதுதான் முறை. பெண்களும் சிறுமிகளும் மட்டும் கேட்பதற்கு என்று அட்டையில் எழுதியே பாடல்களை வெளியிடும் ஆசாரமான பெண் பாடகியர் பலர் இருக்கிறார்கள். மேடையிலும் பெண்கள் மட்டும் கூடும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அதை அடக்குமுறை என்று எடுத்த எடுப்பில் நினைத்துவிட வேண்டாம். என்னிடம் பயின்ற பிள்ளைகள் அந்த மேடைக்காக உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த சபைகளில் இந்த விதி இல்லை. 1951 முதல் 2011 வரை வாழ்ந்த டெபி ஃப்ரீட்மன் கிட்டாரோடு பாடி, நோயுற்றோருக்கான பிரார்த்தனைக்கு எபிரேயமும் ஆங்கிலமும் கலந்து மெட்டமைத்தது இன்று பல சபைகளில் வழிபாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது. நியூயார்க்கில் அவர்களுடைய வழிபாட்டுப் பாடகர்களைப் பயிற்றும் பள்ளிக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இது. பதிவு நாளில் அறையில் ஆண்கள் இருக்கலாமா என்று முன்கூட்டியே தாயிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், மைக்கையும் அளவுகளையும் அமைத்துக் கொடுத்துவிட்டு, கணினியை இயக்கத் தெரிந்த பெண் ஒருவரை உட்கார வையுங்கள். அண்ணனின் தொகுப்பிலேயே சேர்க்காமல் தனிக் கோப்பாக வையுங்கள். தவறிப்போய்க் கலந்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம்.

சுருதியைப் பொறுத்தவரை, அவள் எந்தச் சுரம் வரை இறங்குகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. தாழ்ந்த பெண்குரலாக இருந்தால் அதே மெட்டுக்கு 5 கட்டை சரியாக இருக்கும். 6 கட்டைக்குப் போனால் தார மத்திமம் நெருக்கும். நம் கச்சேரிப் பாடகியருக்கு 5 கட்டை இயல்பானதுதான், ஆனால் அவர்கள் எப்போதாவது போகிற தார மத்திமத்துக்கு இந்தப் பாட்டு ஒவ்வொரு பல்லவியிலும் போகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி உங்கள் பின்பாட்டுக்காரர்களைப் பற்றி. எபிரேயத்தில் தொண்டையிலிருந்து உரசி வரும் ஒலி ஒன்று உண்டு. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் நம் பிள்ளைகள் ககரமாகவோ ஹகரமாகவோ படிப்பார்கள். ஆய்த எழுத்தைக் காட்டி விளக்கிப் பார்த்தேன், இன்னும் குழம்பினார்கள். பிறகு, பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் பாடத்தில் ஜி எழுத்தை எப்படி உச்சரித்தீர்களோ அப்படி என்று சொன்னேன். ஒரே நொடியில் வந்துவிட்டது. அந்த மொழியைக் கட்டாயமாகப் படித்ததற்கு இந்த ஒரு பயனாவது கிடைத்தது. அந்த உரசொலியைத் தாளத்தின் மேல் வைக்காமல் சற்று முன்னாலேயே முடித்துவிட்டு, தாளம் விழும்போது உயிரொலியில் நிற்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோரஸ் முழுவதும் இருமுவதுபோல் இருக்கும்.

உச்சரிப்பிலும் இரண்டு மரபு இருக்கிறது. தென்னாப்பிரிக்க யூதர்களில் பெரும்பாலோர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்களின் வழியினர். அவர்களுடைய பழைய வழக்கில் ஓய்வுநாள் ஷாபஸ், அழுத்தம் முதல் அசையில். இஸ்ரேலிய வழக்கில் அது ஷபாத், அழுத்தம் கடைசி அசையில். மெட்டு எந்த அழுத்தத்தை நினைத்து அமைக்கப்பட்டதோ அதை மாற்றினால் சொல் தாளத்தில் தடுக்கி விழும். உறவினர் எதை நினைத்து அமைத்தார் என்று கேட்டு, ஐந்து பாட்டிலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒத்திகையில் இறைவனின் பெயரை அப்படியே சொல்லாமல் ஹாஷேம் என்று சொல்வார்கள். பதிவில் எப்படிப் பாட வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். நம் பிள்ளைகள் தாளில் எழுதியிருக்கிறதே என்று முந்திக்கொள்ள வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பேஸ் எழுதியது:

ஒரே ஒரு குறிப்பு. எப்போது வெளியிடப் போகிறார்கள் என்று கேட்டீர்களா? பாஸ்கா பண்டிகைக்கும் அவர்களுடைய வாரங்களின் பண்டிகைக்கும் இடையில் 49 நாள்களை எண்ணும் காலம் வரும். அதன் பெரும்பகுதியில் ஆசாரமானவர்கள் வாத்திய இசை கேட்பதில்லை. வடக்கு நாடுகளின் கோடையில் (நமக்கு அது குளிர்காலம்) எருசலேம் கோவிலின் அழிவை நினைக்கும் மூன்று வாரமும் அப்படியே. அதற்காகவே குரல் மட்டும் கொண்ட பதிவுகள் அவர்களிடம் ஏராளம். நியூயார்க் யெஷிவா பல்கலைக்கழகத்து மாணவர்கள் தொடங்கிய மெக்கபீட்ஸ் குழு 2010-இல் ஹனுக்கா பண்டிகைப் பாட்டு ஒன்றால் உலகப் புகழ் பெற்றது, அதில் வாத்தியமே இல்லை. தாழ்ந்த குரல்காரருக்கு இது பொன்னான வாய்ப்பு. டிரம்பெட்டோடு போட்டி போட வேண்டாம். மேலும் நாம் இருப்பது குவாசூலு-நட்டாலில். 1960-இல் ஜோசப் ஷபலாலா தொடங்கிய லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் ஊர் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள். இசிகாதாமியா என்ற அந்தச் சூலு கூட்டுப்பாடல் மரபில் மேலே தனிக்குரல் ஒன்று, கீழே மெத்தைபோலக் கனத்த ஆண் குரல்கள் என்று அடுக்குவார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிப் பாடும் சூலு நண்பர்கள் நால்வர் இருக்கிறார்கள். வேண்டுமானால் பேசித் தருகிறேன்.

சட்ஸ்வொர்த் சுருதிப்பெட்டி எழுதியது:

டீச்சர், அண்ணா, அக்கா, அனைவருக்கும் நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்த பிறகு எழுதுகிறேன்.

கீழ் 7 கட்டையில் முதல் பாட்டை மீண்டும் வாசித்துப் பதிவு செய்தோம். சரணத்தில் சொற்கள் தெளிவாக விழுகின்றன. பல்லவியில் அந்த உச்சியை அவர் தொட்டுவிட்டு இறங்குவது, எட்டாததை எட்டிப் பார்ப்பதுபோல, உறவினர் பாடிய டெமோவில் இல்லாத ஒரு தவிப்பைக் கொடுக்கிறது. ஏற்றத்தை எடுத்துவிட்டதில் உறவினருக்குச் சற்று வருத்தம். வாட்ஸ்அப்பில் நீண்ட குரல்செய்தி அனுப்பினார். இப்போது அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சிறுவர்கள் மூவர் மேலே மூன்றாம் சுரத்தில் பாடியதை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

ஏ செவன் கார்டு விஷயத்தில் கேப் டவுன் அண்ணா சொன்னது நடந்தேவிட்டது. புதிய சுருதியில் அது எஃப் ஷார்ப் செவன். என் கீபோர்டுக்காரர் மூன்று முறை அங்கேயே போய் விழுந்தார். கடைசியில் அந்தக் கட்டைமேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவைத்தேன்.

இஷாய் ரிபோவின் பாணியைச் சொன்னபோது தம்பி முதலில் முகம் சுளித்தார். அது அம்மா கேட்கும் பாட்டு என்றார். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் வாத்தியத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மைக்குக்கு அருகில் நிற்க வைத்து, சங்கீதம் 137-இன் வரிகளை வைத்து அமைத்த மூன்றாம் பாட்டைப் பாடச் சொன்னேன். எருசலேமை மறந்தால் என் வலக்கை தன் தொழிலை மறக்கட்டும் என்ற இடத்தில், சொல்லின் கடைசியில், அண்ணா சொன்ன அந்த விம்மல் தானாக வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்ப ஒருமுறை பாடச் சொன்னேன், வரவில்லை. முதல் தடவைப் பதிவையே வைத்துக்கொண்டோம். பின்னால் எங்கள் தெரு நாய் குரைப்பது லேசாகக் கேட்கிறது, அதை எப்படி நீக்குவது என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கையின் பதிவுக்கு என் மனைவி கணினியை இயக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அக்கா, அவள் 5 கட்டையில் மந்தர நிஷாதம் வரை இறங்குகிறாளாம். மனைவிதான் கேட்டுச் சொன்னாள். ஆனால் தார மத்திமத்தில் மூன்றாவது பல்லவிக்குள் குரல் களைத்துவிடுகிறதாம். 4½ கட்டைக்கு இறக்கலாமா, இல்லை மூன்றாவது பல்லவியையே எடுத்துவிடலாமா?

மாரிட்ஸ்பர்க் நண்பரே, வாத்தியமில்லாத பாட்டு ஒன்று வேண்டும் என்று தம்பியே கேட்கிறார். உங்கள் நண்பர்கள் நால்வரும் அடுத்த மாதம் எந்த வார இறுதியில் வர முடியும் என்று கேட்டுச் சொல்லுங்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும் வரை தம்பி வீட்டாருக்கு ஓய்வுநாள் என்பதால் ஞாயிறாக இருந்தால் நல்லது. என் அறையில் ஆறு பேருக்கு மேல் நிற்க இடமில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.